நான்காவது அச்சம்

எங்கள் சேத்தூரில் பஞ்சாயத்துத் தொலைக்காட்சி இருந்த காலம். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் பெட்டியின் மரக்கதவைத் திறந்து வைப்பார்கள். முன்வரிசையில் சிறுவர்களும், பின்னால் பெண்களும், மதில்மேல் இளைஞர்களுமாக ஊரே கூடிவிடும். அப்படியொரு மாலையில்தான் 'நெஞ்சம் மறப்பதில்லை' திரைப்படத்தை முதன்முறையாகப் பார்த்தேன். எனக்கு அப்போது எட்டு வயதிருக்கலாம். பாழடைந்த ஜமீன் மாளிகையும் இருட்டும் என்னை அச்சுறுத்தின; ஆயினும் இன்றுவரை நினைவில் நிற்பது திரையில் கண்ட எதுவுமன்று, என் அப்பத்தாவின் முகமே.

நூறு வயதைக் கடந்த ஜமீன்தாராக எம்.என்.நம்பியார் தோன்றியதும், தரையில் காலை நீட்டி அமர்ந்திருந்த அப்பத்தா காலை மடக்கிக்கொண்டாள். முந்தானையை இழுத்துத் தோளை மூடினாள். பிறகு, "இன்னுமா சாகலை அவன்?" என்று வாய்க்குள் சொன்னாள். அவள் சேத்தூர்க்காரி அல்லள். வேறொரு ஜமீன் கிராமத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். பேய்க் கதைகளைச் சிரித்துக்கொண்டே சொல்லக்கூடிய அவள், ஒரு நடிகரின் ஒப்பனை முகத்தைக் கண்டு கால் மடக்கியது ஏன் என்பது அன்று எனக்கு விளங்கவில்லை.

அவ்வினாவுக்கான விடை பல்லாண்டுகளுக்குப் பின், தொல்காப்பிய மெய்ப்பாட்டியலைப் பாடம் நடத்தும்போது கிடைத்தது. அச்சம் என்னும் மெய்ப்பாடு தோன்றுவதற்குத் தொல்காப்பியர் நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறார்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. முதல் மூன்றும் எவரும் எளிதில் ஊகிக்கக்கூடியவை. நான்காவதுதான் வியப்புக்குரியது. தம்மை ஆள்பவனையே, தம் தலைவனையே அச்சத்தின் ஊற்றுக்கண்களுள் ஒன்றாக வைக்கிறார். திரைப்படத்தின் அச்சுறுத்தும் முகங்களை இந்த நான்கின் துணைகொண்டு வாசித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

*

உலகத் திரையில் அச்சத்தின் முகம் என்றால் போரிஸ் கார்லாஃப் என்னும் பெயரைச் சொல்லாமல் தொடங்க இயலாது. 1887ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் லண்டனில் பிறந்த அவருடைய இயற்பெயர் வில்லியம் ஹென்றி பிராட். ரஷ்யப் பெயர்போல ஒலிக்கும் 'கார்லாஃப்' அவர் நாடக மேடைக்காகச் சூட்டிக்கொண்டது. அவருடைய உண்மையான வேர்களோ ரஷ்யாவை நோக்கியல்ல, இந்தியாவை நோக்கியே செல்கின்றன. தாய், தந்தை இருவழியிலும் ஆங்கிலோ-இந்தியத் தொடர்புடைய குடும்பம் அது. சயாம் அரசவையில் ஆசிரியையாக இருந்து புகழ்பெற்ற அன்னா லியோனோவென்ஸ், கார்லாஃபின் பாட்டிக்கு உடன்பிறந்தவர். அந்த அம்மையார் 1831இல் மராட்டிய மண்ணிலுள்ள அகமதுநகரில் பிறந்தவர். மாநிறத் தோற்றத்தின் காரணமாகக் கார்லாஃபுக்கு ஹாலிவுட்டில் நெடுங்காலம் கிடைத்தவையெல்லாம் அராபியர், இந்தியர் போன்ற அயலார் வேடங்களே.

1931இல் யூனிவர்சல் நிறுவனம் மேரி ஷெல்லியின் 1818ஆம் ஆண்டு நாவலைத் தழுவி 'ஃபிராங்கன்ஸ்டைன்' படத்தை வெளியிட்டது. இயக்கியவர் ஜேம்ஸ் வேல். பிணங்களின் உறுப்புகளைக் கொண்டு தைக்கப்பெற்ற உயிராகக் கார்லாஃப் நடித்தார். ஒப்பனைக் கலைஞர் ஜாக் பியர்ஸ் நாள்தோறும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் அவர் முகத்தின்மேல் உழைத்தார். படத்தின் தொடக்கப் பெயர்ப்பட்டியலில் அவ்வுயிராக நடித்தவர் பெயருக்கு நேரே ஒரு வினாக்குறி மட்டுமே இருந்தது. எண்பது படங்களுக்கு மேல் சிறுவேடங்களில் அலைந்து, நாற்பத்து நான்கு வயதை எட்டிக்கொண்டிருந்த ஒரு நடிகர், அந்த வினாக்குறியிலிருந்து எழுந்து உலகப் புகழ் பெற்றார்.

அடுத்த ஆண்டே 'தி மம்மி' வந்தது. 1935இல் 'பிரைடு ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்'. 1938 முதல் 1940 வரை மிஸ்டர் வாங் என்னும் சீனத் துப்பறிவாளராக ஐந்து மர்மப் படங்களில் நடித்தார். அச்சுறுத்துபவனாகவும் அச்சத்தின் முடிச்சை அவிழ்ப்பவனாகவும் ஒரே நடிகர் விளங்கினார் என்பதை நாம் நினைவிற் கொள்ளவேண்டும். ஏனெனில் நம்மவர் கதையும் அதே இரு கால்களில்தான் நடக்கிறது.

*

மஞ்சேரி நாராயணன் நம்பியார் 1919 மார்ச் 7இல் கேரளத்தில் பிறந்தவர். சிறுவயதிலேயே நவாப் ராஜமாணிக்கத்தின் நாடகக் குழுவில் சேர்ந்து தமிழ் மேடையில் வளர்ந்தார். 1935இல் வெளிவந்த 'பக்த ராமதாஸ்' அவருக்கு முதற்படம். வில்லன் என்னும் முத்திரை அவர்மீது அழுத்தமாக விழுந்த ஆண்டு 1950. 'மந்திரி குமாரி'யில் அரசனைத் தன் விரலசைவில் ஆட்டுவிக்கும் ராஜகுருவாக அவர் நின்றார்.

அதே 1950இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர்.சுந்தரம் 'திகம்பர சாமியார்' என்னும் படத்தை எடுத்தார். வடுவூர் கே.துரைசாமி ஐயங்காரின் நாவல் அது. ஆரணி குப்புசாமி முதலியார், ஜே.ஆர்.ரங்கராஜு, வடுவூரார் ஆகிய மூவரும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ் வாசகர் கூட்டத்தையே உருவாக்கியவர்கள் என்றால் மிகையாகாது. இலக்கிய வரலாற்று நூல்கள் இவர்களை ஒரு பத்தியில், அதுவும் சற்று முகஞ்சுளித்தபடி, கடந்துவிடும். நானும் என் முதுகலை வகுப்பில் அப்படித்தான் படித்தேன். அப்படித்தான் சில ஆண்டுகள் கற்பித்தும் வந்தேன். ஆனால் தமிழ்த் திரையோ அவர்களை விடவில்லை. வடுவூராரின் 'மேனகா' 1935இல் படமாயிற்று. ரங்கராஜுவின் 'சந்திரகாந்தா' 1936இல் வந்தது. 'இராஜாம்பாள்' இருமுறை திரைகண்டது.

'திகம்பர சாமியார்' படத்தில் துப்பறிபவராக நடித்தவர் நம்பியார். பதினொரு மாறுவேடங்களில் அவர் தோன்றினார். தொல்காப்பியர் வரிசையில் சொன்னால், மூன்றாவது அச்சமாகிய கள்வரைப் பிடிப்பவர் இவர். கார்லாஃபின் மிஸ்டர் வாங்கைப் போல, நம்பியாரும் முதலில் முடிச்சை அவிழ்க்கும் நாயகனாக நின்றவர்தான். பின்வந்த காலம் அதை மறந்தது.

இம்மர்ம மரபு 1954இல் ஓர் உச்சத்தைத் தொட்டது. வீணை வித்தகர் எஸ்.பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்', பாடலே இல்லாத தமிழ்ப்படம். 1943 அக்டோபரில் சென்னைமீது ஜப்பானியர் குண்டு வீசிய நிகழ்வின் பின்னணியில் ஒரு கொலை. ஒருவர் மாற்றி ஒருவராகக் கூறும் வாக்குமூலங்கள். திரைக்கதை எழுதித் துப்பறியும் அதிகாரியாகவும் நடித்தவர் ஜாவர் சீதாராமன். இப்படத்தில் பேயில்லை, பாழ்மாளிகையில்லை. நம் வீட்டுக்குள், நம் அருகில் இருப்பவரை நாம் அறிந்திருக்கிறோமா என்னும் ஐயமே அதன் அச்சம்.

*

இனி 'நெஞ்சம் மறப்பதில்லை'க்கு வருவோம். ஸ்ரீதர் இயக்கத்தில் 1963இல் வெளிவந்த படம். கல்யாண்குமாரும் தேவிகாவும் காதலர்கள். நகரத்து இளைஞன் ஒருவன் நண்பனின் ஊருக்கு வருகிறான். அங்குள்ள பாழடைந்த ஜமீன் மாளிகை அவனை ஈர்க்கிறது. முற்பிறவி நினைவு திரும்புகிறது. முற்பிறவியில் அவன் ஜமீன்தாரின் மகன். அவள் எளிய குடியானவர் வீட்டுப் பெண். அந்தக் காதலைப் பொறாத தந்தை அதைக் குருதியில் முடித்துவைக்கிறார். காதலர் இருவரும் மீண்டும் பிறந்து வந்திருக்கிறார்கள். கொன்றவரோ இன்னும் சாகவேயில்லை. மறுபிறவியிலும் அவர்களைப் பிரிக்கக் காத்திருக்கிறார்.

இந்தக் கதையமைப்பைக் கார்லாஃபின் 'தி மம்மி'யோடு ஒப்பிட்டுப் பார்த்தால் வியப்பு மேலிடும். அங்கும் சாகாத முதியவன் ஒருவன் உண்டு. இம்ஹோடெப் என்னும் எகிப்தியப் பூசாரி, 3700 ஆண்டுகளுக்கு முன் உயிரோடு புதைக்கப்பட்டவன். அங்கும் மறுபிறவி உண்டு. அவன் நேசித்த இளவரசி ஒரு நவீனப் பெண்ணாகப் பிறந்திருக்கிறாள். உறுப்புகள் ஒன்றே. ஆனால் அவற்றைப் பொருத்திய முறை வேறு. மேலைப் படத்தில் சாகாதவனே காதலன். காதலின் மிகுதியே அவனை அச்சத்துக்குரியவன் ஆக்குகிறது. தமிழ்ப் படத்தில் காதலர்கள் இறந்து பிறக்கிறார்கள். சாகாமல் நிற்பது காதலைக் கொன்ற அதிகாரம். இம்ஹோடெப் அணங்கு. ஜமீன்தார் இறை.

ஸ்ரீதர் 'தி மம்மி'யைப் பார்த்து எழுதினார் என்று நான் கூறவில்லை. மறுபிறவி நமக்கு எகிப்திலிருந்து இறக்குமதியாக வேண்டிய சரக்கன்று. இந்தியத் திரையிலேயே கமால் அம்ரோஹியின் 'மஹல்' 1949இலும், பிமல் ராயின் 'மதுமதி' 1958இலும் வந்துவிட்டன. பின்னதன் கதையை எழுதியவர் ரித்விக் கட்டக். மழையிரவில் பழைய மாளிகையில் ஒதுங்குபவனுக்கு முற்பிறவி நினைவு வருவதும், அங்கே கொடுமைக்காரராக ஒரு ஜமீன்தார் நிற்பதும் 'மதுமதி'யிலும் உண்டு.

ஏன் மீண்டும் மீண்டும் ஜமீன்தார்? காலத்தை நோக்கினால் ஒரு விடை தோன்றுகிறது. சென்னை மாகாணத்தில் எஸ்டேட்டுகளை ஒழித்து ரயத்துவாரியாக மாற்றும் சட்டம் 1948இல் இயற்றப்பட்டது. பிற மாகாணங்களிலும் அதையொட்டிய ஆண்டுகளில் ஜமீன்தாரி ஒழிந்தது. சட்டப்படி ஜமீன் இறந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலத்தில் இப்படங்கள் தோன்றுகின்றன. அரண்மனைகளில் ஆலஞ்செடி முளைக்கத் தொடங்கிவிட்டது. ஆனால் அவற்றின் முன்னால் செருப்பைக் கழற்றிய கால்கள் உயிரோடிருந்தன. மேலைநாட்டார் திகிலுக்குக் கோட்டையையும் கல்லறையையும் தேடினர். நமக்கு ஊருக்கு ஒன்றாக ஜமீன் பங்களா இருந்தது. 1963ஆம் ஆண்டுத் தமிழ்ப் பார்வையாளருக்கு 'சாகாத ஜமீன்தார்' என்பது வெறும் கற்பனையாக இருந்திருக்க இயலாது.

இவ்விடத்தில் என் ஊருக்கும் நான் நீதி செய்யவேண்டும். சேற்றூர் என்று பழைய ஏடுகளில் எழுதப்பெறும் எங்களூரும் பாளையமாக இருந்து ஜமீனாக மாறியதுதான். ஆனால் தமிழ் படித்தவர்களுக்குச் சேற்றூர் என்றதும் நினைவுக்கு வருவது கவிராயர் பரம்பரை. புலவர்களைப் போற்றிய ஜமீன் என்றே நாங்கள் படித்தோம். போற்றுதலும் அஞ்சுதலும் ஒரே வாயிற்படியில் நிகழ்ந்திருக்கக்கூடும் என்பதை எனக்குச் சொல்லித் தந்தது பாடநூலன்று. வேற்றூரிலிருந்து வந்த அப்பத்தாவின் மடங்கிய கால்களே.

என் வாசிப்புக்கு ஒரு மறுப்பும் உண்டு. படம் வெளிப்படையாகப் பேசுவது காதலின் அழியாமையைப் பற்றியே. பார்த்தவர்கள் கண்ணீர் விட்டது காதலர்களுக்காக; முணுமுணுத்தது விசுவநாதன்–ராமமூர்த்தியின் இசையை. ஸ்ரீதரின் உள்ளத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் இருந்தது என்பதற்கு நான் சான்று காட்ட இயலாது. ஆயினும், காதலின் அழியாமையைக் காட்ட எதிரே அழியாத ஒன்று தேவைப்பட்டபோது, அவர் கை பேயையோ மந்திரவாதியையோ தேடவில்லை. ஒரு தந்தையை, அதுவும் ஜமீன்தாரான தந்தையைத் தேர்ந்தது. அத்தேர்வே என் வாதத்துக்குப் போதும்.

*

தமிழ்த் திரை மற்ற மூன்று அச்சங்களை என்ன செய்தது? அணங்கைச் சிரிப்பாக்கிவிட்டது. 1967இல் வெளிவந்த 'பட்டணத்தில் பூதம்' படத்தில் பூதமாக வந்தவர் அதே ஜாவர் சீதாராமன். 1900இல் எஃப்.ஆன்ஸ்டி எழுதிய 'தி பிராஸ் பாட்டில்' என்னும் ஆங்கில நகைச்சுவைக் கதையின் வழிவந்தது அது. ஜாடியிலிருந்து எழும் பூதம் ஜெய்சங்கருக்கும் நாகேஷுக்கும் தோழனாகிறது. குழந்தைகள் அஞ்சவில்லை, கைதட்டினார்கள். கலிங்கத்துப்பரணி படித்தவர்களுக்கு இது புதிதன்று. செயங்கொண்டாரின் பேய்கள் பசியால் வாடுகின்றன, காளியிடம் முறையிடுகின்றன, போர்க்களத்தில் கூழ் சமைத்துப் பந்தி பரிமாறுகின்றன. காரைக்கால் அம்மையார் பேயுருவை வேண்டிப் பெற்றவர். தமிழ் மரபில் பேய் பெரும்பாலும் நம் உறவுக்காரராகவே இருந்து வந்திருக்கிறது.

அறுபதுகளின் மற்றத் திகில் படங்களையும் நோக்குக. 'யார் நீ' (1966), 'அதே கண்கள்' (1967) இரண்டிலும் இறுதியில் முகமூடி விலகும்போது அங்கிருப்பது மனிதனே. பேயென்று தொடங்கி மனிதனென்று முடிப்பது பகுத்தறிவுக் காலத்தின் விளைவு என்பர் சிலர். எனக்கோ அது இன்னும் பழைய அறிவாகத் தோன்றுகிறது. அஞ்சத்தக்கது மனிதனே என்பதை நம்மவர்கள் முன்பே அறிந்திருந்தார்கள்.

இங்கே ஒரு வருத்தத்தையும் பதிவு செய்யத் தோன்றுகிறது. 'நெஞ்சம் மறப்பதில்லை'யின் இருளை ஒளிப்பதிவு செய்தவர் ஏ.வின்சென்ட். அடுத்த ஆண்டே, 1964இல், அவர் மலையாளத்தில் 'பார்கவி நிலையம்' படத்தை இயக்கினார். 'நீல வெளிச்சம்' என்னும் தம் சிறுகதையிலிருந்து அதற்குத் திரைக்கதை எழுதியவர் வைக்கம் முகமது பஷீர். ஒரு மொழியின் தலைசிறந்த எழுத்தாளர் பேய்ப்படம் எழுதுகிறார். அம்மொழி அதை இழிவாகக் கருதவில்லை. எங்களூரின் மேற்கே தெரியும் மலைத்தொடருக்கு அப்பால்தான் அந்த நாடு. ஒரே ஒளிப்பதிவாளர், ஒரே இருள், ஓராண்டு இடைவெளி. இப்பக்கம் நாமோ மர்மக் கதையை வாரப் பத்திரிகைக்கு ஒதுக்கிவிட்டு, இலக்கிய வரலாற்றின் கதவைச் சாத்திக்கொண்டோம். 'உடல் பொருள் ஆனந்தி' போன்ற தொடர்கதைகளால் வாசகரைக் கட்டிப்போட்ட ஜாவர் சீதாராமன், இன்று பூதமாக மட்டுமே நினைவுகூரப்படுகிறார். அவர் எழுத்தைப் பற்றி ஒரு மாணவர் ஆய்வேடு எழுத விரும்பியபோது, "வேறு நல்ல தலைப்பு பாருப்பா" என்று சொல்லி அனுப்பிய பேராசிரியர்களுள் நானும் ஒருவன். இக்கட்டுரை ஓரளவு அதற்கான பரிகாரம்.

*

அச்சமூட்டிய அந்த இருவரும் தனி வாழ்வில் எத்தகையோர்? கார்லாஃப் மென்மையானவர், கிரிக்கெட் ஆட்டத்தில் பெருவிருப்பமுடையவர். திரை நடிகர்களின் சங்கத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவர். குழந்தைகளுக்கான கதைகளை ஒலித்தட்டுகளில் வாசித்தவர். 1966இல் கிறிஸ்துமஸைத் திருட வந்த கிரிஞ்சின் கதையைத் தொலைக்காட்சியில் சொன்ன குரல் அவருடையது. 1969 பிப்ரவரி 2இல் அவர் மறைந்தபோது, அச்சமூட்டிய நடிகரைவிட அன்பான மனிதரை இழந்ததாகவே அவரை அறிந்தோர் வருந்தினர்.

நம்பியாரும் அவ்வாறே. புலாலும் மதுவும் அறியாதவர். பல்லாண்டுகள் தவறாமல் சபரிமலைக்குச் சென்று மகாகுருசாமி என்று போற்றப்பட்டவர். கார்த்திகை, மார்கழி மாதங்களில் ராஜபாளையத்திலிருந்து தென்காசி நோக்கி எங்களூர் வழியே ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் சாரிசாரியாகச் செல்லும். "நம்பியார் சாமியும் மலைக்குப் போவாராம்" என்று யாரோ சொன்னபோது அப்பத்தா நம்பவேயில்லை. 2008 நவம்பர் 19இல், கார்த்திகை பிறந்த சில நாள்களில், அவர் மறைந்தார். அந்தச் செய்தியைக் கேட்க அப்பத்தா இல்லை.

இந்த முரணைப் பலரும் சுவையான செய்தியாகச் சொல்லிக் கடந்துவிடுவர். நான் அதில் வேறொன்றைக் காண்கிறேன். அச்சம் அந்த மனிதரிடம் இல்லை. அவர் ஏற்ற இடத்தில் இருந்தது. அரியணைக்குப் பின்னால் நின்றபோதும், ஜமீன் நாற்காலியில் அமர்ந்தபோதும் அவர் கண்கள் நம்மை அச்சுறுத்தின. நல்ல மனிதரே அமர்ந்தாலும் அந்த நாற்காலி அச்சம் தருவதுதான் என்பதை, ஒரு நல்ல மனிதர் நடித்துக் காட்டிவிட்டுப் போனார்.

*

சில ஆண்டுகளுக்கு முன் மெய்ப்பாட்டியல் வகுப்பில் இந்த நான்கு அச்சங்களையும் விளக்கிக்கொண்டிருந்தேன். 'இறை' என்பதற்குப் பேராசிரியர் எழுதிய உரையில், தந்தையர், ஆசிரியர், அரசர் முதலானோரை இறையெனக் கொள்வார். அதைச் சொல்லிவிட்டு, அரசரைப் பற்றி மட்டும் எடுத்துக்காட்டுகள் தந்து கடந்துபோனேன். வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவி வந்து நின்றாள். "ஐயா, அரசருக்கு மட்டும் சொன்னீங்க. அப்பாவுக்கு உதாரணம் சொல்லலையே?" என்றாள்.

நான் 'நெஞ்சம் மறப்பதில்லை'யின் கதையைச் சொன்னேன். அவள் கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாதிருந்தாள். "அந்தப் படத்துல அவங்களுக்கு இன்னொரு பிறவி கிடைச்சிருக்குங்க ஐயா" என்றாள். அவ்வளவுதான். அடுத்த பருவத்தில் அவள் கல்லூரிக்கு வரவில்லை. திருமணம் முடித்துவிட்டார்கள் என்று தோழிகள் சொன்னார்கள். யாரோடு, அவள் விருப்பப்படியா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

பேராசிரியர் உரையின் அந்தப் பட்டியலில் தந்தைக்கும் அரசருக்கும் இடையில் ஆசிரியரும் இருக்கிறார். எண்ணிப் பார்த்தால், அவள் தன் வினாவை அத்தனை சுற்றி வளைத்துக் கேட்க நேர்ந்ததற்கு அந்த இடைச்சொல்லும் ஒரு காரணமாக இருக்கலாம். இப்போதெல்லாம் அப்பகுதியை நடத்தும்போது மூன்றுக்கும் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். ஆசிரியருக்கு 'மந்திரி குமாரி'யின் ராஜகுரு, தந்தைக்கு ஜமீன்தார். இரண்டும் நம்பியார். பிறகு, யாருக்கேனும் ஏதேனும் கேட்கவேண்டியிருக்கிறதா என்று வகுப்பு முடிந்தும் சற்று நேரம் வாசலருகே நிற்கிறேன்.